இரண்டு பேரை விட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள்: கலிபோர்னியாவில் ஐந்து நாள்

நாள் 1: கார்னிங்

காலை ஐந்தரைக்கே ஃப்ரீமாண்டிலிருந்து கிளம்பிவிட்டோம். வண்டி ஓட்டுவது மாப்பிள்ளை, பின்சீட்டில் மகள் கட்டிக்கொடுத்த புளியோதரையும் ஒரு பெரிய ஃபிளாஸ்க் காபியும். ஊர் சுற்றிப் பார்க்கக் கலிபோர்னியா வருகிறவர்கள் யாரும் கார்னிங் போவதில்லை. வடக்கே மூன்று மணி நேரம், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு சின்ன ஊர், சுற்றிலும் ஆலிவ் தோப்பு, அவ்வளவுதான். "மாமா, அங்க என்ன இருக்குன்னு போறோம்?" என்று மாப்பிள்ளை இரண்டு தடவை கேட்டார். 1951 சீசனுக்கு முன்னால் ஒரு கல்லூரி அணி பயிற்சி எடுத்த ஊர் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நல்ல மனுஷன்.

விஷயம் இதுதான். மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பக்கத்து நூலகத்தில் பழைய விளையாட்டுப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் 1951 ஃபுட்பால் அணியைப் பற்றிப் படித்தேன். ஒன்பது ஆட்டம், ஒன்பதிலும் ஜெயித்தார்கள். அப்படியும் வருஷக் கடைசியில் நடக்கும் பெரிய ஆட்டம் எதற்கும் அவர்களுக்கு அழைப்பு வரவில்லை. அழைப்பது போல வந்த பேச்சும், அணியில் இருக்கிற இரண்டு கறுப்பினப் பையன்களை விட்டுவிட்டு வாருங்கள் என்ற நிபந்தனையோடுதான் வந்தது. பையன்கள் மறுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் கல்லூரி அந்த அணியையே கலைத்துவிட்டது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை, ஏன் என்று ஒரு நாள் எழுதுகிறேன். அந்த சீசனை அது நடந்த வரிசையிலேயே ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பியிருக்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே ஃபுட்பால் என்றால் நாம் உதைத்து ஆடுகிற கால்பந்து இல்லை. பக்கத்துக்குப் பதினொரு பேர், இரண்டு முனையும் கூம்பிய ஒரு பந்து, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், எறியலாம். நாலு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி. வழியெல்லாம் எதிரணி விழுந்து பிடிக்கும். கபடி ஆடிய உடம்புக்கு இந்த ஆட்டம் சீக்கிரம் பிடிபடுகிறது.

கார்னிங்கில் இறங்கும்போது மணி ஒன்பது. அக்டோபர் வெயில் இதமாகத்தான் இருந்தது, ஆனால் கோடையில் இந்தப் பள்ளத்தாக்கில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது சாதாரணம். சான் பிரான்சிஸ்கோ கோடையிலும் பனிமூட்டமும் குளிர்காற்றும் வீசுகிற ஊர். அங்கே இருந்து பையன்களைக் கூட்டிவந்து, தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டி, இந்த வெயிலில் ஓடவிட்டார் கோச் ஜோ குஹாரிச். நோட்ர டேம் கல்லூரியில் ஆடி வளர்ந்தவர், கண்டிப்புக்குப் பேர் போனவர். பயிற்சியின்போது தண்ணீர் கேட்டாலே அதைப் பலவீனம் என்று பல கோச்சுகள் நினைத்த காலம் அது. அந்தக் கார்னிங் நாட்களைப் பற்றி அணிக்காரர்கள் எழுபது எண்பது வயதிலும் பேசியிருக்கிறார்கள்.

அந்தப் பையன்களில் சிலர் பையன்களே இல்லை. ஜீனோ மார்கெட்டி ஐரோப்பாவில் மிஷின்கன் பிடித்துப் போர் செய்துவிட்டுத் திரும்பியவர், இத்தாலியிலிருந்து குடியேறியவர்களின் மகன். கல்லூரிக்குத் தோல் ஜாக்கெட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார் என்று சொல்வார்கள். பாப் செயின்ட் கிளேர் ஆறடி ஒன்பது அங்குலம், பச்சை இறைச்சி தின்பவர். ஆலி மேட்சன் டெக்சாஸில் பிறந்தவர், பர்ல் டோலர் மெம்ஃபிஸ்காரர். இவர்கள் இருவரும் கறுப்பினத்தவர், இருவருமே சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜில் ஆடிவிட்டு இங்கே வந்தவர்கள்.

ஊருக்கு வெளியே ஒரு தோப்பில் ஏணி சாய்த்து ஆலிவ் பறித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் வாளி கட்டிய ஒரு பெரியவர் நாங்கள் நின்று பார்ப்பதைக் கண்டு, சிரித்துக்கொண்டே இரண்டு காயை நீட்டினார். பச்சை, நம் கிளாக்காய் அளவு, மேலே மெல்லிய சாம்பல் பூத்தது போல. கடித்தேன். வேப்பங்கொட்டையை நசுக்கி நாக்கில் தடவியது போலக் கசப்பு, தொண்டை வரை இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெரியவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். காரநீரில் ஊறவைத்து, நாள்கணக்கில் அலசி, உப்புநீரில் போட்ட பிறகுதான் அது வாயில் வைக்கிற பண்டமாகுமாம். கடைத்தெருவில் அப்படிப் பக்குவம் செய்த ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டோம். திரும்பும் வழி முழுக்கப் பச்சைக்காயின் கசப்பு போகவே இல்லை, புளியோதரைதான் காப்பாற்றியது.

நாள் 2: கீசார் ஸ்டேடியம்

இன்று மாப்பிள்ளைக்கு ஆபீஸ். தனியாகத்தான் போனேன். ஃப்ரீமாண்டில் பார்ட் ரயில் ஏறி சிவிக் சென்டரில் இறங்கி, அங்கிருந்து ‘N-ஜூடா’ என்ற தடத்து டிராம். ஸ்டேன்யன் தெருவில் இறங்கி ஐந்து நிமிட நடை.

கோல்டன் கேட் பூங்காவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது கீசார். 1925இல் திறந்தபோது ஐம்பத்தொன்பதாயிரம் பேர் உட்காரும் பெரிய கிண்ணம். 1989இல் அதை இடித்துவிட்டுச் சின்னதாகக் கட்டியிருக்கிறார்கள். ஓடுதளம், புல்தரை, பத்தாயிரம் பேர் உட்காரலாம். ஒரு பக்கம் ஆரஞ்சு கலந்த சிவப்பில் பழைய நாற்காலிகள் கொஞ்சம் இருந்தன, கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானத்தை மூடியபோது அங்கிருந்து கொண்டுவந்து பொருத்தியவை. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் ஓடலாம். ஒரு பாட்டி, என்னைவிட ஏழெட்டு வயதாவது மூத்தவர், முதுகு வளைந்தபடியே எட்டுச் சுற்று முடித்தார், எண்ணிக்கொண்டிருந்தேன்.

மைதானத்துக்கு இப்போது பாப் செயின்ட் கிளேர் பெயர். எதிரே ஃப்ரெடரிக் தெருவில் இருந்த பாலிடெக்னிக் பள்ளியில் படித்தவர் அவர். பள்ளிக்காகவும் இங்கே ஆடினார், கல்லூரிக்காகவும் இங்கே, பிறகு நகரத்தின் தொழில்முறை அணியான ஃபார்ட்டிநைனர்ஸுக்காகவும் இங்கேயே. பள்ளியை இடித்துவிட்டார்கள், அதன் உடற்பயிற்சிக் கூடங்கள் மட்டும் நிற்கின்றன. ஒன்றில் இப்போது சர்க்கஸ் வித்தை சொல்லித்தருகிறார்கள். கதவு திறந்திருந்தது. ஒரு சின்னப் பெண் துணியைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

1951 சீசனின் முதல் ஆட்டம் சான் ஹோசே ஸ்டேட் அணியோடு, 39க்கு 2. அதே அணியோடு அந்த வருஷம் இன்னொரு தடவையும் ஆடினார்கள். கடற்படை, மெரீன் முகாம் அணிகளோடும் ஆடினார்கள், கொரியப் போர் நடந்த சமயம் என்பதால் முகாம்களில் நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு அழைப்பு வராததற்கு "இவர்கள் மோதிய அணிகள் பலமில்லாதவை" என்று ஒரு காரணம் சொல்லப்பட்டது. இது ஜெசூட் என்ற இயேசு சபைக் கத்தோலிக்கத் துறவிகள் நடத்தும் சின்னக் கல்லூரி. பெரிய பல்கலைக்கழகங்கள் இவர்களோடு ஆடித் தோற்க விரும்பவில்லை, அப்புறம் பலமான அணிகளோடு மோதவில்லை என்று குறை சொன்னால் அந்தப் பையன்கள் எங்கே போவார்கள்? இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நாடு இவர்களைத் திரும்பிப் பார்த்த ஆட்டம் இங்கே நடக்கவில்லை, நியூயார்க்கில் நடந்தது. அக்டோபர் 20, ராண்டால்ஸ் தீவு, எதிரணி ஃபோர்டம், அதுவும் ஜெசூட் கல்லூரிதான். 32க்கு 26, அந்த சீசனில் இவர்கள் திணறி ஜெயித்த ஒரே ஆட்டம். அதில் ஆலி மேட்சன் செய்ததை எழுதாமல் இருக்க முடியாது. எதிரணி உதைத்து அனுப்பும் பந்தைத் தன் கோட்டுக்குப் பக்கத்தில் பிடித்து, மைதானம் முழுக்கக் கடந்து மறுகோடியில் டச்டவுன் போட்டார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை, இரண்டும் தொண்ணூறு யார்டுக்குக் குறையாதவை. பதினொரு பேர் எதிரே ஓடிவருகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புல்தரையின் ஒரு கோடியில் நின்று மறுகோடியைப் பார்த்தேன். அங்கே நின்ற ஒரு ஆளின் முகம் தெரியவில்லை, சட்டை நிறம் மட்டும்தான் தெரிந்தது. அவ்வளவு தூரம்.

நியூயார்க் பத்திரிகைக்காரர்களிடம் மேட்சனைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அவர்களை மைதானத்துக்கு இழுத்த வேலை, கல்லூரியின் விளையாட்டுச் செய்தி அலுவலராக இருந்த இருபத்தைந்து வயது இளைஞருடையது. பெயர் பீட் ரோசெல். 1960இல் அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக் முழுவதற்கும் ஆணையரானார், 1989 வரை அந்த நாற்காலியில் இருந்தார். அந்த வருஷம் மேட்சன் ஓடியது மொத்தம் 1,566 யார்டு, நாட்டில் வேறு யாரும் அவ்வளவு ஓடவில்லை. தடுப்பு வரிசையிலும் அவரே நின்று ஆடினார். சிறந்த ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் பரிசு வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம்.

மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது, ஸ்வெட்டர் போதவில்லை. கடற்காகங்கள் கூட்டமாகப் புல்லில் வந்து உட்கார்ந்தன. அந்தக் காலத்திலும் ஆட்டம் முடிகிற நேரத்துக்கு இவை வந்துவிடுமாம், சிந்திய தின்பண்டங்களுக்காக.

நாள் 3: ஸ்டாக்டன்

சனிக்கிழமை, மாப்பிள்ளை கூட வந்தார். ஒன்றரை மணி நேரம்தான்.

1951 நவம்பர் 17இல் இங்கே பசிபிக் கல்லூரியை அதன் சொந்த மைதானத்தில் 47க்கு 14 என்று அடித்தார்கள். பசிபிக் அப்போது பலமான அணி. இந்த ஆட்டத்தை ஜெயித்தால் புத்தாண்டு ஆட்டத்துக்கு அழைப்பு நிச்சயம் என்று சான் பிரான்சிஸ்கோ அணி நம்பியது. அதைப் பார்க்கத்தான் வந்தோம், ஆனால் பார்க்க ஒன்றும் இல்லை. மைதானத்தையே எடுத்துவிட்டார்கள். பசிபிக் 1995 சீசனோடு ஃபுட்பாலை நிறுத்திவிட்டது. சிவப்புச் செங்கல் கட்டடங்களும் கொடியேறிய சுவர்களும் அழகாக இருக்கின்றன, மரங்கள் அதைவிட அழகு.

இந்தத் தோற்ற பசிபிக் அணிக்கு எல் பாசோ நகரத்தில் நடக்கும் சன் பவுல் என்ற புத்தாண்டு ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. 33 புள்ளி வித்தியாசத்தில் இவர்களை ஜெயித்த அணிக்கு வரவில்லை.

மத்தியானம் ஸ்டாக்டன் குருத்வாராவுக்குப் போனோம். அமெரிக்காவின் முதல் குருத்வாரா, 1912இல் தொடங்கியது. யார் போனாலும் தரையில் வரிசையாக உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறார்கள். எனக்கு இடப்பக்கம் மாப்பிள்ளை, வலப்பக்கம் லாரி ஓட்டும் ஒரு பஞ்சாபி இளைஞர், அவருக்கு அடுத்து ஒரு மெக்சிகோக்காரக் குடும்பம், நாலு குழந்தைகளோடு. பருப்பும் ரொட்டியும். இரண்டாவது ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டேன். "என்ன மாமா, உடம்புக்கு முடியலையா?" என்றார் மாப்பிள்ளை. நாளைக்கு வண்டியில் சொல்கிறேன் என்றேன்.

நாள் 4: பாசடீனா

நாலு மணிக்கே கிளம்பினோம், ஆறு மணி நேரப் பயணம். கலிபோர்னியாவின் நடுவே நேராகத் தெற்கு நோக்கி ஓடும் சாலை, இரண்டு பக்கமும் பாதாம் தோப்பு. கோலிங்கா பக்கத்தில் மாட்டுத்தொழுவ வாடை கண்ணாடியை மூடினாலும் உள்ளே வந்தது. எனக்கு அது ஊர் வாடை. அந்த இடத்தில்தான் மாப்பிள்ளையிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

1984. எனக்குப் பத்தொன்பது வயது, எங்கள் ஊர்க் கபடி அணியில் பிடிக்கிறவன். எங்களுக்குப் பாடிப்போகிறவன் ஒருவன் இருந்தான், காலை நீட்டினால் பாம்பு கொத்தின மாதிரி இருக்கும். அவனும் இன்னொருவனும் ஊருக்கு வெளியே இருந்த காலனித் தெருப் பையன்கள். பக்கத்து மாவட்டத்தில் ஒரு திருவிழாப் போட்டி. விடிய விடிய ஆடிக் கோப்பையை ஜெயித்தோம், அதில் பாதிப் புள்ளி அவனுடையது. காலையில் போட்டி நடத்திய பெரிய வீட்டில் விருந்து. வாழை இலை போட்டு உட்காரச் சொல்லும்போது ஒருவர் வந்து, அந்த இரண்டு பேரையும் தோளைத் தொடாமல், கையை மட்டும் நீட்டி, "நீங்க ரெண்டு பேரும் பின்னாடி வாங்கப்பா, அங்க போட்டிருக்கு" என்றார். சத்தம் போடவில்லை, திட்டவில்லை, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் எழுந்து போனான். மாட்டுக் கொட்டகைப் பக்கம்.

நாங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். யாராவது ஒருவர் எழுந்திருந்தால் மற்றவர்களும் எழுந்திருப்போம் என்று இன்றைக்கும் நம்புகிறேன். யாரும் எழவில்லை. நானும் எழவில்லை. சாம்பார் ஊற்றினார்கள், சாப்பிட்டோம், பாயசம் வரை சாப்பிட்டோம். திரும்பி வரும் பஸ்ஸில் அவன் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான். அதற்கப்புறம் ஆறு வருஷம் ஒன்றாக ஆடினோம், என் கல்யாணத்துக்கு வந்தான், இன்றைக்கும் நண்பன். அந்தப் பந்தியைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசினதில்லை.

மாப்பிள்ளை ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்த டீம் பசங்க எப்படி மாமா முடிவு பண்ணாங்க?" என்று கேட்டார்.

அதைத்தான் நானும் தேடித் தேடிப் படித்தேன். கடைசி ஆட்டம் நவம்பர் 24, இங்கே பாசடீனாவின் ரோஸ் பவுல் மைதானத்தில், லொயோலா கல்லூரியோடு, 20க்கு 2. ஒன்பதுக்கு ஒன்பது. புத்தாண்டுப் பவுல் ஆட்டம் என்பது அந்தக் காலத்தில் ஒரு கல்லூரிக்குப் பேரும் பணமும் சேர்ந்து வருகிற வழி. தென்மாநிலங்களில் ஆரஞ்சு பவுல், சுகர் பவுல், கேட்டர் பவுல் என்று மூன்று பெரிய ஆட்டங்கள், மூன்றும் நிறவெறிச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த ஊர்களில். கறுப்பின ஆட்டக்காரர் உள்ள அணி அவற்றை நடத்தும் குழுக்களுக்கு வேண்டாம் என்று கேட்டர் பவுல் தலைவர் தன்னிடம் சொன்னதாக வானொலி விளையாட்டு வர்ணனையாளர் ஒருவர் அப்போதே வெளியிட்டார். மேட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வந்தால் பேசலாம் என்ற சேதி கோச் குஹாரிச்சுக்கு வந்தது, அவர் பையன்களிடம் சொன்னார். இதுவரை படிக்கும்போது நான் ஒரு காட்சியைக் கற்பனை செய்துவைத்திருந்தேன். கூட்டம் போட்டிருப்பார்கள், யாரோ ஒருவன் எழுந்து பேசியிருப்பான், வாக்கெடுப்பு நடந்திருக்கும் என்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. வாக்கெடுப்புக்கு அவசியமே இருக்கவில்லை என்றுதான் அணிக்காரர்கள் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். போவதில்லை, அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்" எப்படி வந்தது என்பதுதான் என்னைப் போட்டு வாட்டுகிறது. அவர்களும் இருபது இருபத்தொரு வயதுப் பையன்கள். போனால் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கல்லூரி ஃபுட்பாலில் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்தது, ஒரு பவுல் ஆட்டத்துப் பணம் வந்தால் அணி பிழைக்கும் என்ற பேச்சு வெளிப்படையாகவே இருந்தது. மற்றக் கத்தோலிக்கக் கல்லூரிகள் ஒவ்வொன்றாக ஃபுட்பாலை மூடிக்கொண்டிருந்த நேரம். செயின்ட் மேரீஸ் முந்தைய வருஷமே மூடிவிட்டது, இவர்களிடம் தோற்ற லொயோலாவும் அந்த சீசனோடு மூடியது. ஆக, மறுத்தால் அடுத்த வருஷம் ஆட அணியே இருக்காது என்று தெரிந்தேதான் மறுத்தார்கள்.

கார்னிங் வெயிலில் ஒன்றாக வெந்ததுதான் காரணமா? இருக்கலாம், ஆனால் நாங்களும் ஒரே புழுதியில்தான் புரண்டோம். கோச் தைரியசாலியா? எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் இருந்தார், இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை ஒன்று சொன்னார், அது எனக்குத் தோன்றாதது: "அவங்களுக்கு யோசிக்க நாள் இருந்துச்சு மாமா, உங்களுக்கு இலை போட்டாச்சு." எனக்காக அன்போடு சொல்கிறார் என்று தெரிந்தது. ஆனால் நாள் கிடைத்திருந்தால் நாங்கள் எழுந்திருப்போமா என்றால், கூடுதலாக யோசித்து, கூடுதலாகக் காரணம் கண்டுபிடித்து உட்கார்ந்திருப்போம் என்றே தோன்றுகிறது. அவர்கள் யோசிக்காததால்தான் சரியாகச் செய்தார்கள்.

ரோஸ் பவுலுக்குப் பதினொரு மணி வாக்கில் போய்ச் சேர்ந்தோம். மலையடிவாரத்துப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் 1922ஆம் வருஷத்து மைதானம், சுற்றிலும் மூன்று மைல் பாதையில் ஊரே நடக்கிறது, ஓடுகிறது, சைக்கிள் விடுகிறது. வெளியே ஜாக்கி ராபின்சனின் வெண்கலச் சிலை, ஃபுட்பால் உடுப்பில், பந்தை இடுக்கிக்கொண்டு பாய்கிற மாதிரி. பேஸ்பாலில் நிறத்தடையை 1947இல் உடைத்தவர் என்றுதான் அவரை உலகம் அறியும். வளர்ந்தது பாசடீனாவில், பேஸ்பாலுக்கு முன்னால் இதே மைதானத்தில் ஃபுட்பால் ஆடியவர். ராபின்சன் பேஸ்பாலுக்கு வந்து நாலு வருஷம் கழிந்த பிறகும் மேட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள். சுகர் பவுலில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர் இறங்க 1956 ஆயிற்று.

சிலையின் பூட்ஸ் மூக்கு மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. வருகிறவர்கள் தொட்டுவிட்டுப் போகிறார்கள் போல. நானும் தொட்டேன், வெயிலில் சுட்டது.

இரவு பாசடீனாவிலேயே தங்கல்.

நாள் 5: மலைமேல் கல்லூரி

நேற்று ராத்திரி தூங்கவே இல்லை, இரண்டு மணிக்கு மாப்பிள்ளையை எழுப்பினேன். பாவம், ஒரு வார்த்தை முனகாமல் வண்டி எடுத்தார். சான் பிரான்சிஸ்கோவுக்குள் நுழையும்போது எட்டேகால். அவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டார், நான் மட்டும் இறங்கினேன்.

ஃபுல்டன் தெரு மேட்டில் இரட்டைக் கோபுரத்தோடு செயின்ட் இக்னேஷியஸ் தேவாலயம், அதை ஒட்டிக் கல்லூரி. 1951 முடிந்து புத்தாண்டு பிறப்பதை ஒட்டி, ஃபுட்பாலை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது இங்கிருந்துதான். பல வருஷம் கழித்துச் சின்ன அளவில் மறுபடி ஆடிப் பார்த்தார்கள், அதுவும் நின்றுவிட்டது. குஹாரிச் அடுத்த வருஷமே சிகாகோ கார்டினல்ஸ் என்ற தொழில்முறை அணிக்குக் கோச்சாகப் போனார், மேட்சனும் அதே அணிக்குப் போனார். அதற்கு முன்னால் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கிவிட்டு வந்தார் மனுஷன். செயின்ட் கிளேர் கடைசி வருஷப் படிப்புக்கு டல்சாவுக்கு மாறினார். மார்கெட்டி, மேட்சன், செயின்ட் கிளேர் மூவரும் தொழில்முறை ஃபுட்பாலின் புகழ்க்கூடத்தில் இருக்கிறார்கள். ஒரே கல்லூரி அணியில் சேர்ந்து ஆடிய மூன்று பேர்.

அந்த மூவரையும்விட என் மனதில் நிற்பவர் பர்ல் டோலர். அணியிலேயே சிறந்தவர் அவர்தான் என்று கூட ஆடியவர்களே சொல்லியிருக்கிறார்கள். கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது, ஆனால் 1952 கோடையில் கல்லூரி நட்சத்திரங்களின் காட்சி ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது. தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. வாத்தியாரானார், சான் பிரான்சிஸ்கோ நடுநிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியரானார். 1965இல் ஃபுட்பால் லீக்கின் முதல் கறுப்பின நடுவராக மைதானத்துக்குத் திரும்பி வந்தார். விசிலோடு இருபத்தைந்து சீசன். 2009இல் காலமானார்.

2006இல் கல்லூரி 1951 அணிக்காரர்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 2017இல், அதுவரை ஃபீலன் என்ற பழைய மேயரின் பெயரில் இருந்த மாணவர் விடுதிக்கு டோலரின் பெயரை வைத்தார்கள். அந்த ஃபீலன், ஜப்பானியர்களை உள்ளே விடக்கூடாது என்று பிரசாரம் செய்தவர். அந்த விடுதியைத் தேடித்தான் வந்தேன்.

சாதாரண மாடிக் கட்டடம். வாசலில் அவர் பெயர். ஒரு மாணவி துவைத்த துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நம் ஊரில் குடம் வைப்பது போலவே, அட்டையைத் தேய்த்துக் கதவைத் திறக்கத் தடுமாறினாள். கதவைப் பிடித்துக்கொண்டேன். நன்றி சொல்லிவிட்டு, யாரையாவது தேடுகிறீர்களா என்று கேட்டாள். பெயர்ப் பலகையைக் காட்டினேன். "ஓ, டோலர்" என்றாள், பக்கத்து அறைத் தோழியைச் சொல்வது போல. கூடையிலிருந்து ஒரு காலுறை கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். உள்ளே போய்விட்டாள்.

பெயரைப் போனில் படம் எடுத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து அதை அவனுக்கு அனுப்பினேன், அந்தப் பாடிப்போகிறவனுக்கு. ஊரில் அப்போது ராத்திரி ஒன்பதரை இருக்கும், பஞ்சாயத்து டிவி சீரியல் எல்லாம் முடிந்து திண்ணைக்கு வந்திருப்பான். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "யாரு மாப்ள இது? உன் பொண்ணு ஆபீஸா?"

தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். நாலு வரி அடித்து அழித்தேன். மறுபடி இரண்டு வரி. மேலே கோபுர மணி அடித்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவன் நம்பரை அழுத்தினேன், இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.